டேம் கரையில் டென்ட் போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு டென்ட் வாங்கிவிட்டார். மலம்புழா டேமுக்குப் பின்பக்கம், கவா பக்கமாகப் போய் இரண்டு பிள்ளைகளோடு ஒரு ராத்திரி தங்கலாம் என்கிறார். போகலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பகலில் தாராளமாகப் போங்கள், ராத்திரிக்கு வேண்டாம். மழைக்காலத்தில் மேகம் மலையை விட்டு இறங்கி தண்ணீர் மேல் உட்காரும்போது கவாவைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர்மேல் தப்பே சொல்ல முடியாது, எனக்கே அங்கே படுத்துவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் குடிக்க யானை இறங்கி வரும் கரை அது. அப்புறம், டென்ட் அடிக்க வாகாகத் தெரிகிற அந்தப் புல்தரை இருக்கிறதே, தண்ணீர் வற்றியதால் வெளியே தெரிகிற டேமின் அடிவயிறுதான். மலையில் மழை பிடித்தால் அது திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். சாயங்காலம் வரை இருந்துவிட்டு டேம் தோட்டத்துக்கு வந்துவிடுங்கள். ரோப்கார் இருக்கிறது, கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்து முடித்த யட்சி சிலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும்.

ராத்திரி தங்கியே ஆகவேண்டும் என்றால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் ரோட்டில் போக பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் நுழைய வேண்டும், பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு சிரமமே இல்லை. அங்கே வனத்துறையே ஆனப்பாடியில் டென்ட் போட்டு வைத்திருக்கிறது, துணக்கடவில் மரவீடு, வீட்டிக்குன்னு தீவில் ஒரு தங்குமிடம் என்று வேறு இடங்களும் உண்டு. தீவுக்கு மூங்கில் தெப்பத்தில்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பதிவு கட்டாயம், பைக்கை உள்ளே விடமாட்டார்கள், செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பார்ப்பார்கள், இருட்டுவதற்குள் உள்ளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். போனால் கன்னிமாரா தேக்கு என்கிற அந்தப் பழைய பெரிய மரத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். பரம்பிக்குளத்து டேம்கள் இருப்பது கேரளத்தில், இரண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தப்படி நடத்துவது தமிழ்நாடு. தண்ணீர் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் போகிறது, அதே ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி உங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவு வழியாக வரவேண்டும். வந்ததா வரவில்லையா என்று ஒவ்வொரு கோடையிலும் உங்கள் ஊர் டீக்கடையில் நடக்கிற சண்டை எதைப் பற்றியது என்று, பிள்ளைகளுக்கு அந்தக் கரையிலேயே நின்று காட்டலாம்.

புதுசாக வாங்கிய டென்ட்டை என்ன செய்வது? சரி, மொட்டைமாடியில் போடுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய குஷி.

கேள்வி: பரம்பிக்குளம் டேமில் இறங்கிக் குளிக்கலாமா?
- வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: முதலை இருக்கிறது சார். ரூமில் குளித்துவிட்டு வாருங்கள்.