மூன்று படங்களா, ஒரே படமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் ஏழு பேர். மாதம் ஒருமுறை, பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில், வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில் கூடிப் படம் பார்ப்போம். சென்ற முறை, உலகிலேயே சிறந்த மூன்று படத் தொகுதி எது என்று கதைக்கத் தொடங்கி, கடைசியில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விட்டார்கள். மூன்று பேர் 'கோட்ஃபாதர்' பக்கம், இரண்டு பேர் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' பக்கம், ஒருவர் சத்யஜித் ராயின் அபு படங்களின் பக்கம். நான் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'மூன்று வண்ணங்கள்' (நீலம், வெள்ளை, சிவப்பு) படங்களுக்காக நின்றேன். ஒவ்வொரு படத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுக் கூட்டினோம். கோட்ஃபாதர் வென்றது. ஆனால் அதற்குப் புள்ளி போட்டவர்களுக்கே அந்த முடிவில் திருப்தி இல்லை.

இதை முறையாகத் தீர்மானிக்க வழி உண்டா? உங்கள் தெரிவு எது? எல்லாவற்றையும் மறுபடி பார்க்க நினைக்கிறோம். எந்தப் பிரதியைப் பார்ப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்., வெள்ளவத்தை

*

அன்புள்ள ஆர்.,

கூட்டியதுதான் பிழை. கோட்ஃபாதருக்கு 10, 10, 6 போட்டிருப்பீர்கள். கூட்டினால் 26. வேறொரு தொகுதிக்கு மூன்று படத்துக்கும் 8.5 வீதம் போட்டால் 25.5தான் வரும், தோற்றுவிடும். அதே எண்களைப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 600, இரண்டாவது 614. பெருக்கும்போது பலவீனமான படம் மற்ற இரண்டையும் கீழே இழுக்கிறது. மூன்று படத் தொகுதியில் உண்மையில் நடப்பதும் அதுதான். அதற்காக இனிப் பெருக்குங்கள் என்று சொல்லவரவில்லை. 'சிறந்த மூன்று படங்கள் எவரிடம் உள்ளன' என்ற கேள்விக்குத்தான் உங்கள் கூட்டல் விடை சொன்னது. நீங்கள் கேட்க நினைத்த கேள்வி வேறு.

தொகுதியை மதிப்பிட வேண்டிய இடம் அதன் பொருத்துகள். முதல் படம் முடிந்து இரண்டாவது தொடங்குவது ஒன்று, இரண்டாவது முடிந்து மூன்றாவது தொடங்குவது மற்றொன்று. இரண்டு சோதனைகள் போதும். நடுப்படத்தை எடுத்துவிட்டு முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் நினைத்துப் பாருங்கள்: மூன்றாவதில் எந்தக் காட்சியின் பொருள் மாறுகிறது? எதுவும் மாறவில்லை என்றால் நடுப்படம் வெறும் நிரப்பல். அடுத்தது, முதல் இரண்டு படங்களால் செய்ய முடியாத எதை மூன்றாவது செய்கிறது? முடிந்த கதையை இன்னொரு முறை முடித்துவைக்க மட்டுமே மூன்றாவது வந்திருந்தால் அது தொகுதி அல்ல, பின்னிணைப்பு.

சண்டை வருவதற்கு இன்னொரு காரணம், வெவ்வேறு இனங்களை ஒரே தராசில் வைப்பது. ஒரே கதையை மூன்றாக வெட்டியவை ஓர் இனம். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் அப்படி. ஜப்பானிய இயக்குநர் கொபயாஷியின் ஒன்பதரை மணிநேர 'மனித நிலை'யும் (1959–61) அப்படி. ஒரு மனிதரையோ குடும்பத்தையோ காலத்தோடு பின்தொடர்பவை இரண்டாவது இனம்: அபு, கோட்ஃபாதர், ஒன்பது ஒன்பது ஆண்டு இடைவெளியில் 1995, 2004, 2013 என வந்த லிங்க்லேட்டரின் 'பிஃபோர்' படங்கள் மூன்று. மூன்றாவது இனத்தில் கதை தொடராது, கருப்பொருள் மட்டும் தொடரும். உங்கள் மூன்று வண்ணங்களும், ரித்விக் கட்டக்கின் பிரிவினைப் படங்களும், தீபா மேத்தாவின் பஞ்சபூதப் படங்களும் அங்கே வரும். மேத்தாவின் 'வாட்டர்' 2000இல் வாரணாசியில் தடுத்து நிறுத்தப்பட்டு, நடிகர்களை மாற்றி 2004இல் இங்கே இலங்கையில்தான் எடுக்கப்பட்டது. கருப்பொருள் தொகுதி என்பதால் அந்த முறிவு பொருத்தில் தெரியவே இல்லை. இரண்டாவது இனத்தில் இப்படி நடந்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் மூன்றும் நியூசிலாந்தில் 1999 ஒக்டோபர் முதல் 2000 டிசம்பர் வரை சேர்த்தே படமாக்கப்பட்டவை. அதனால் முகம் மாறாது, ஒளி மாறாது, குரல் மாறாது. பொருத்துகளிலும் பீட்டர் ஜாக்சன் நன்றாகவே யோசித்திருக்கிறார். நாவலில் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் போரோமிரின் சாவை முதல் படத்தின் முடிவுக்குக் கொண்டுவந்தார். அது இல்லாவிட்டால் முதல் படம் நடுவழியில் நின்றிருக்கும். இரண்டாம் பாகத்தின் இறுதியில் வரும் சிலந்தியை மூன்றாவது படத்துக்குத் தள்ளினார், ஃப்ரோடோவின் பயணத்துக்கு அங்கே எடை வேண்டியிருந்ததால். ஒரு பொருத்து மட்டும் விட்டுப்போனது. இரண்டு படங்களாக வளர்த்த வில்லன் சாருமானின் முடிவு, திரையரங்குக்கு வந்த மூன்றாவது படத்தில் இல்லவே இல்லை. நீட்டிய பிரதியில்தான் இருக்கிறது. 11 பரிந்துரைக்கு 11 ஒஸ்கார் என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது 2003ஆம் ஆண்டுப் படத்துக்குக் கிடைத்தது, தொகுதிக்கு அல்ல.

இனிக் கோட்ஃபாதர். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் (1972, 1974) இடையில் உள்ள பொருத்துக்கு இணை மிகக் குறைவு. இரண்டாவது படத்தின் இறுதியில் தந்தையின் பிறந்தநாளுக்குக் குடும்பம் மேசையில் காத்திருக்கும் காட்சிக்கு மார்லன் பிராண்டோ வரவேண்டும். அவர் வரவில்லை. இயக்குநர் கொப்போலா காட்சியை மாற்றி எழுதினார். தந்தை வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்து ஓடுகிறார்கள், மகன் மைக்கேல் மட்டும் மேசையில் தனியே இருக்கிறான், நாம் தந்தையைக் காண்பதில்லை. பிராண்டோ வந்திருந்தால் அந்தக் காட்சி இவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பதினாறு ஆண்டு கழித்து அதே மாதிரி ஓர் இல்லாமை வந்தது. சம்பளத்தில் உடன்பாடு ஏற்படாமல் ரொபர்ட் டுவால் மூன்றாவது படத்துக்கு (1990) வரவில்லை. அவர் நடித்த குடும்ப வழக்கறிஞர் டொம் ஹேகன் இறந்துவிட்டதாகச் சொல்லி, அந்த இடத்தில் வேறொரு வழக்கறிஞரை வைத்தார்கள். இந்த இல்லாமையை எந்தக் காட்சியும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மைக்கேலைப் பழைய நாளிலிருந்து அறிந்த, அவனிடம் எதிர்த்துப் பேசக்கூடிய ஆண் எவரும் வீட்டில் இல்லாததால், அவன் மனதில் உள்ளதெல்லாம் வசனமாகவே வெளியே வரவேண்டியிருக்கிறது. பாவமன்னிப்புக் காட்சி தனியாக நல்ல காட்சிதான், ஆனால் ஒரு முழுப் படத்தின் பாரத்தையும் அதுவே தாங்கவேண்டியிருக்கிறது. மைக்கேலின் மகளாக வந்த சோபியா கொப்போலாவின் நடிப்பைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய குறை இல்லை. இரண்டாவது படம் மைக்கேலைத் தனியே உட்காரவைத்தபோதே கதை முடிந்துவிட்டது, அதுதான் குறை. ஆகவே உலகின் சிறந்த இரண்டு படத் தொகுதி கோட்ஃபாதர். நீங்கள் நடத்துவது அந்தப் போட்டி அல்லவே.

மூன்று வண்ணங்களில் உங்களுக்குச் சாதகமான ஒன்று: கீஸ்லோவ்ஸ்கி மூன்று படத்துக்கும் மூன்று ஒளிப்பதிவாளர்களை வைத்தார். இட்ஸியாக், குளோசின்ஸ்கி, சோபொசின்ஸ்கி. எழுத்தில் பியேசியெவிச்சும் இசையில் ப்ரைஸ்னரும் மாறவில்லை. கண்ணுக்கு வேறு வேறு படம், காதுக்கு ஒரே படம். போத்தல் தொட்டிக்குக் கை எட்டாமல் தவிக்கும் முதியவர் ஒருவர் மூன்றிலும் வருகிறார். நீலத்தில் ஜூலி அவரைக் கவனிப்பதே இல்லை. வெள்ளையில் கரோல் பார்த்து இளிக்கிறான். சிவப்பில் வலன்டீன் போய் உதவுகிறாள். பத்து விநாடிக் காட்சி, ஆனால் மூன்று படங்களும் அதில் பூட்டப்பட்டிருக்கின்றன. குறை, இறுதியில் எல்லோரையும் ஒரே கப்பல் விபத்தில் சேர்த்துவிட்டது. அந்தப் பூட்டு கொஞ்சம் பெரிய பூட்டு.

என் தெரிவு அபு. இரண்டாமிடம் உங்களுடையது.

ராய் இதைத் தொகுதியாகத் திட்டமிட்டவர் அல்ல. 'பதேர் பாஞ்சாலி' (1955) வந்து, அடுத்த ஆண்டு 'அபராஜிதோ' வந்து கல்கத்தாவில் தோற்றது. அது 1957இல் வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்றபோது, மூன்றாவது உண்டா என்று அங்கே கேட்ட பிறகுதான் அந்த எண்ணம். இடையில் வேறு இரண்டு படம் எடுத்துவிட்டு 1959இல் 'அபுர் சன்சார்' எடுத்தார். அபுவாக நான்கு பேர் நடித்திருக்கிறார்கள், ஒரே முகம் இரண்டு படத்தில் இல்லை. கணக்குப்படி பார்த்தால் பொருத்துகள் எல்லாம் வெடித்திருக்கவேண்டும்.

ஏன் வெடிக்கவில்லை? ஒளியிலிருந்து தொடங்குவோம். முதல் படத்தின் பெரும்பகுதி போரால் என்ற கிராமத்தில் உண்மையான வீட்டில், பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. இரண்டாவதில் வரும் காசி வீட்டு முற்றமோ கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் போட்ட செற். வழக்கம்போல நேரடி விளக்கு அடித்திருந்தால் பல திசையில் நிழல் விழுந்து செற் என்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமாக்கினார். நாற்புறமும் அடைத்த முற்றத்தில் வானத்து வெளிச்சம் எப்படி விழுமோ அப்படியே விழுந்தது. கிராமத்திலிருந்து காசிக்கு நாம் தடுக்காமல் போவதற்கு அந்தத் துணி முக்கிய காரணம்.

பிறகு ரயில். முதல் படத்தில் நாணல் பூக்களுக்கிடையே அக்காவும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்க்கும் அதிசயம் அது. இரண்டாவதில் மகனைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகிறது, தாய் அதன் ஓசையை எதிர்பார்த்துக் காத்திருந்தே சாகிறாள். மூன்றாவதில் அபுவின் மொட்டைமாடி அறைக்குப் பக்கத்திலேயே இரைச்சலாக ஓடுகிறது, ஒருமுறை அதன்முன் விழுந்து சாகவும் போகிறான். கடைசியில் பொம்மை ரயிலோடு மகனைத் தேடிப் போகிறான், பையன் அதைத் தூக்கி எறிகிறான். இசைபோல இது தானாக வளர்கிறது, எவரும் வாய்திறந்து விளக்குவதில்லை.

நடுப்படச் சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். அபராஜிதோவை எடுத்துவிட்டால், மனைவி இறந்தபின் அபு பிள்ளையைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் அலைவது வெறும் துக்கம்தான். அபராஜிதோவைப் பார்த்தவருக்கு அது பழைய பழக்கம். தாயிடம் வராமல் நாளைக் கடத்தி, வந்தபோது அவள் இல்லை என்று கண்டவன் இவன். மூன்றாவது படத்தின் முடிவில் மகன் காஜலைத் தோளில் தூக்குவதுதான், தனக்காகக் காத்திருந்த ஒரு உயிரிடம் அவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் தடவை. முதல் இரண்டு படங்களால் இதைச் செய்ய முடியாது, மூன்றாவது தனியாகவும் செய்ய முடியாது. தாயை விட்டு விலகும் மகனை 1956இல் கல்கத்தா ஏற்கவில்லை. அந்த ஏற்கமுடியாமையை வைத்துத்தான் மூன்றாவது படம் நிற்கிறது. குறை ஒன்று சொல்லவேண்டுமென்றால், மூல நாவலில் அபுவுக்கு நெருங்கிய தோழியாக வரும் லீலா படத்தில் இல்லை. நகரம் அபுவை ஏன் இப்படி இழுக்கிறது என்பதற்குப் புத்தகமும் படிப்பும் மட்டுமே காரணமாக மிஞ்சுகின்றன.

கொழும்பில் இருந்துகொண்டு இந்த விவாதத்தில் சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸை ஒருவரும் சொல்லாதது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மூன்று நாவல்களில் எடுத்த 'கம்பெரலிய' (1963), 1980களின் தொடக்கத்தில் வந்த 'கலியுகய', பின்னர் 'யுகாந்தய' (1983). கம்பெரலிய 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் பெற்றது. ஹென்றி ஜயசேனவும் புண்யா ஹீந்தெனியவும் இரண்டாவது படத்தில் அதே பியலாகவும் நந்தாவாகவும், ஒப்பனையால் அல்லாமல் உண்மையாகவே முதுமை ஏறிய முகத்தோடு வருகிறார்கள். லிங்க்லேட்டரைப் புகழ்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கவேண்டும். சிக்கல் மூன்றாவதில். கம்பெரலியவில் நந்தாவின் முதல் கணவன் ஜினதாசவாக வந்த காமினி பொன்சேகாவே யுகாந்தயவில் முதலாளி கபிலானவாக வருகிறார். அடுத்தடுத்துப் பார்க்கும் புதியவர், இறந்த மனிதர் எப்படிப் பணக்காரராகத் திரும்பி வந்தார் என்று கேட்பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் பட்டியலில் இது லோர்ட் ஒஃப் த ரிங்ஸுக்கு மேலே, மூன்றாமிடத்தில் இருக்கிறது.

பார்ப்பது பற்றி. அபு படங்களுக்கு 2015இல் வந்த சீரமைத்த பிரதியையே தேடுங்கள். 1993இல் லண்டன் ஆய்வுகூடமொன்றில் ஏற்பட்ட தீயில் மூலச் சுருள்கள் கருகின. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் முதல் இரண்டின் சுருள்களில் ஒரு பகுதியை மீட்டார்கள், மூன்றாவதற்கு வேறு பிரதிகளை நம்பவேண்டியிருந்தது. படத்துக்குப் படம் தெளிவு கொஞ்சம் மாறினால் உங்கள் தொலைக்காட்சியில் குற்றமில்லை. பழைய டிவிடி வேண்டாம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) டிவிடியில் விநாடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படம் 25ஆக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், ரவி சங்கரின் சித்தார் சுருதி கொஞ்சம் ஏறி ஒலிக்கும். அபுவும் கம்பெரலியவும் ஏறத்தாழச் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சியில் திரையை நிரப்பும் அமைப்பை நிறுத்தி, இரு பக்கமும் கறுப்புப் பட்டை வர விடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் மெகா தொடர்போலத் தெரியும்.

நேரம்: மூன்று வண்ணங்கள் ஏறத்தாழ நாலேமுக்கால் மணி, அபு ஐந்தே முக்கால் மணிக்குள். இரண்டுக்கும் ஒவ்வொரு போயா போதும், சாப்பாட்டோடு. லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் திரையரங்குப் பிரதியே 558 நிமிடம். கோட்ஃபாதரும் ஒன்பது மணி அளவில் வரும். அவற்றை இரண்டு நாளாகப் பிரியுங்கள், பிரிப்பதை இரண்டாவது படத்துக்குப் பிறகு வையுங்கள், இரண்டாவது பொருத்து தாங்குகிறதா என்பது அப்போது நன்றாகத் தெரியும்.

வாக்கெடுப்பில் புள்ளி வேண்டாம், வரிசை போடுங்கள். தொகுதி ஐந்து என்றால் முதலிடத்துக்கு 5, கடைசிக்கு 1. மூன்றையும் பார்க்காதவருக்கு வாக்கில்லை. எதிரியின் தொகுதியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளும் தந்திரம் கட்டாயம் நடக்கும். அதைத் தடுக்க, கடைசியில் வைக்கும் தொகுதியின் நடுப்படத்தை எடுத்துவிட்டால் என்ன போகும் என்று அவரையே சபையில் சொல்லவையுங்கள். கோட்ஃபாதர்காரர்கள் மூவரிடமும், மூன்றாவது படத்துக்குப் புள்ளி போட்டது 1990ஆம் ஆண்டுப் பிரதிக்கா, கொப்போலா 2020இல் மறுபடி தொகுத்ததற்கா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பிந்தையதன் தலைப்பு மைக்கேலின் மரணத்தைச் சொல்கிறது, படம் அவன் சாவதைக் காட்டுவதில்லை. இரண்டும் ஒரே முடிவு அல்ல.