மெஹந்தி நைட்ல பியூட்டி க்விஸ்: தாம்பாளத்துல இருந்து கேளுங்க

கேள்வி: அக்கா, நாங்க சத்துவாச்சாரி. தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் மெஹந்தி ஃபங்ஷன் வெச்சிருக்கோம், அதுல பியூட்டி க்விஸ் நடத்துற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. பாட்டியில இருந்து காலேஜ் பொண்ணுங்க வரைக்கும் ஒரு 40 பேரு இருப்பாங்க. வாட்ஸ்அப்ல வந்த லிஸ்ட் ஒண்ணு கையில இருக்கு, எது உண்மை எது டூப்புன்னு தெரியல. எதைக் கேக்கலாம்?

பதில்: அந்த லிஸ்ட்டை முதல்ல ஓரமா வைம்மா. வேலூர்ல இத்தனை வருஷமா கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போட்டுக்கினு இருக்கேன், இந்த மாதிரி விளையாட்டு நிறைய பாத்தாச்சு, வெளிநாட்டு நடிகை பேரா கேட்டுக்கினு இருந்தா நாலு காலேஜ் பொண்ணுங்க மட்டும் கத்தும், அத்தைங்கல்லாம் பந்தி போட்டாச்சான்னு பாக்க எழுந்து போயிடுவாங்க. அதனால ஒரு தாம்பாளத்துல லிப்ஸ்டிக், மஸ்காரா, நெயில் பாலிஷ், மருதாணி கோன், ஒரு லக்மே டப்பா இதெல்லாம் அடுக்கி வெச்சு ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டிக் கேளு. கையில மருதாணி போட்டு காய வெச்சிருக்குற நேரம் இருக்கே, அதுதான் சரியான நேரம், ஒருத்தராலயும் போனைத் தொட முடியாது, வாயால பதில் சொல்லித்தான் ஆகணும்.

முதல்ல லக்மே. இது எந்த சாமி பேருன்னு கேளு, எல்லாரும் முழிப்பாங்க. லக்ஷ்மிதான்! 1883ல பாரிஸ்ல ஒரு ஆப்பரா மேடையேறுச்சு, ஆப்பரான்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம பக்கத்து தெருக்கூத்து மாதிரி பாட்டாவே கதை சொல்றது, அதுல கதாநாயகி நம்ம நாட்டு பிராமணப் பூசாரியோட பொண்ணு, லக்ஷ்மிங்கற பேரு பிரெஞ்சுக்காரங்க வாயில லக்மேன்னு ஆயிடுச்சு. 1952ல டாடா கம்பெனி மேக்கப் சாமான் ஆரம்பிச்சப்போ அந்தப் பேரையே வெச்சாங்க. ஸ்விட்சர்லாந்துல இருந்து அந்த வீட்டுக்கு மருமகளா வந்த சிமோன் டாடா அதை வளத்தாங்க. அப்புறமா லக்மேயை வித்த காசுல ஆரம்பிச்ச கம்பெனியோடதுதான் இன்னைக்கு பொண்ணுங்கல்லாம் ஓடுற ஜூடியோ துணிக்கடை! ஒரே டப்பாவுல பாட்டிக்கும் பேத்திக்கும் விஷயம் இருக்கு பாத்தியா.

அடுத்தது பாட்டிங்க ஜெயிக்கற கேள்வி. நடிக்க வந்தவங்களை அரிதாரம் பூசினவங்கன்னு சொல்றோமே, அரிதாரம்னா இன்னா? ஆற்காடு பக்கம் விடிய விடிய கூத்து பாத்து வளந்தவங்க யாராவது ஒருத்தர் சட்டுனு சொல்லிடுவாங்க. அது மஞ்சளா இருக்குற ஒரு கல்லு, ஆர்சனிக்கும் கந்தகமும் சேந்தது, அந்தக் காலத்துல மேடைக்கு அதை அரைச்சு முகத்துல பூசுவாங்க. அது விஷம்ங்கறதையும் சேத்தே சொல்லிடு, யாராவது ஆர்வத்துல நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நிக்கப் போறாங்க.

சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தூக்கி, இதைப் போட்டுக்கினு 1920ல சினிமாவுல நடிச்சா உதடு இன்னா கலர்ல தெரியும்னு கேளு. கருப்பு! அப்ப இருந்த ஃபிலிமுக்கு சிவப்பு வெளிச்சமே பிடிபடாது, அதனால சிவப்பெல்லாம் கருப்பா விழும், மேக்கப் போடுறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்காம ஃபிலிமுக்கு எப்படித் தெரியும்னு கணக்கு போட்டே பூசினாங்க. அப்புறம் கலர் படம் வந்தப்போ அதுக்குன்னே 1930கள் கடைசியில மேக்ஸ் ஃபேக்டர்ங்கற மேக்கப் கம்பெனி கொண்டு வந்ததுதான் பேன்கேக், கேக் மாதிரி இறுகி இருக்குற முகப்பூச்சு, இன்னைக்கும் எங்க ஃபீல்டுல அந்தப் பேரு ஓடுது. கேட்ட கையோட ஒரு செல்ஃபி எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திக் காட்டு, அந்த அளவுக்கு இல்லன்னாலும் உதடு டார்க்காதான் விழும், குழந்தைங்க ஓடி வந்து பாக்கும்.

நெயில் பாலிஷுக்கும் காருக்கும் இன்னா சம்பந்தம்? காருக்கு அடிச்ச லாக்கர் பெயின்ட்ல இருந்து வந்த சரக்குதான் அது, ரெண்டுலயும் நைட்ரோசெல்லுலோஸ்ங்கற ஒரே கெமிக்கல்தான். மேபெலின்ங்கற பேரு எதுல இருந்து வந்துச்சு? மேபல்னு ஒரு பொண்ணு வாசலின்ல கரித்தூளைக் குழைச்சு கண் இமையில பூசறதைப் பாத்துட்டு அவங்க தம்பி 1915ல ஆரம்பிச்ச கம்பெனி, மேபலும் வாசலினும் சேந்துதான் மேபெலின். நம்ம பாட்டிங்க விளக்கெண்ணெயில மை கூட்டின கதையை இங்க கேட்டு வாங்கு, அது இதை விட நல்லா இருக்கும்.

இப்ப மருதாணி. இதுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கோ. உள்ளங்கை நல்லா சிவக்குது, மணிக்கட்டுக்கு மேல ஏன் வெளுத்துப் போகுதுன்னு கேளு. புருஷன் பாசம், மாமியார் பாசம்னு ஆளாளுக்கு சொல்லி சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நிஜக் காரணம், இலையில லாசோன்னு ஒரு சாயம் இருக்கு, அது தோல்ல இருக்குற கெரட்டின்ங்கற புரதத்துல போய் ஒட்டிக்கும், உள்ளங்கையில மேல்தோல் தடிமனா இருக்குறதால அங்க சாயம் நிறைய ஏறுது. எடுத்த உடனே ஆரஞ்சாதான் இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல தானா டார்க் ஆகும், அதனால கல்யாணத்தன்னிக்கு நல்ல கலர் வேணும்னா முந்தின நாள் சாயங்காலமே போட்டு முடிச்சிடுங்க. 1998ல அமெரிக்கப் பாடகி மடோனா ஃப்ரோசன் பாட்டு வீடியோல கை நிறைய மருதாணியோட வந்தாங்களே, அதையும் ஒரு கேள்வியா போடு, காலேஜ் கேங்குக்கு.

இதுலயே நான் கெஞ்சிக் கேட்டுக்கறது ஒண்ணு, ஒரு மணி நேரத்துல கருகருன்னு ஆகற கோனை வாங்கிடாதீங்க. மருதாணியால அவ்ளோ சீக்கிரம் கருப்பா ஆக முடியாது, அதுல பிபிடின்னு ஹேர் டையில போடுற கெமிக்கல் கலந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, சிலருக்கு கொப்புளம் வந்துடும், ஒரு தடவை அலர்ஜி ஆச்சுன்னா பின்னாடி ஹேர் டை போட்டாலும் பிரச்சனைதான். டிசைன் மாதிரியே கை வீங்கி வந்த பொண்ணை நான் பாத்திருக்கேன், கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது.

உன் வாட்ஸ்அப் லிஸ்ட்ல தங்க மோதிரத்தை லிப்ஸ்டிக்ல தேச்சு கருப்பானா ஈயம் இருக்குன்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அது பொய், மோதிரம் தேச்சா ஈயம் தெரியாது. ஐஸ் தண்ணியில முகம் கழுவினா போர்ஸ், அதான் தோல்ல இருக்குற சின்னச் சின்ன ஓட்டை, மூடிக்கும்னு வந்திருந்தா அதுவும் பொய், மூடித் திறக்க அது கதவு இல்ல. இந்த ரெண்டையும் 'நிஜமா டூப்பா' ரவுண்டுல போடலாம்.

தோல் கலர் பத்தி மட்டும் ஒரு கேள்வி கூட வேணாம்மா. இங்க யாரு செவப்புன்னு யாரோ விளையாட்டா ஆரம்பிச்ச இடத்துல மாநிறமா இருந்த கல்யாணப் பொண்ணு முகம் சுருங்கிப் போனதைப் பாத்தவ நான், அடுத்த நாள் எவ்ளோ மேக்கப் போட்டும் அந்த சிரிப்பை என்னால கொண்டு வர முடியல.

பரிசுக்கு பெருசா செலவு வேணாம், லாங்கு பஜார்ல கண்ணாடி வளையல் டஜன் கணக்குல வாங்கிக்கோ, சைஸ் மூணு நாலு கலந்து வாங்கு, பாட்டிங்களுக்கு பெரிய சைஸ் மறந்துடாத.