ஓட ஆரம்பித்த ஒரே மாதத்தில் சலிப்பு: தர்மபுரி வாசகிக்கு ஓட்டப் பயிற்சியாளரின் பதில்

கேள்வி: எனக்கு 37 வயது. தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். எடை குறையட்டும் என்று போன மாதம் ஓட ஆரம்பித்தேன். ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, பென்னாகரம் ரோட்டில் ஓடுகிறேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. மத்தியானம் கடையில் உட்கார்ந்தால் கண்ணைச் சொருகுகிறது. முதல் வாரம் இருந்த ஆசை இப்போது இல்லை, அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். எனக்கு மன உறுதி போதாதா? களி சாப்பிட்டுவிட்டு ஓடலாமா, எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா? எவ்வளவு ரூபாயில் ஷூ வாங்குவது?

பதில்: மன உறுதி இல்லாதவர் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு வாரம்கூட ஓடியிருக்க மாட்டார். அந்தக் கவலையை விடுங்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது இரண்டு இடங்களை. ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குவது ஒன்று, மத்தியானம் கண் சொருகுவது மற்றொன்று. முதலாவது வேகத்தால் வருவது. இரண்டாவதை ரத்தத்திலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தேட வேண்டும். ஓடும்போதும் வேதனை, ஓடி முடித்த பிறகும் அசதி என்றால், மறுநாள் காலை எழ மனசு வராதது இயல்புதான்.

வேகத்தை முதலில் பார்ப்போம். புதிதாக ஓடுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தேவைக்கு மேல் வேகமாகத்தான் ஓடுகிறார்கள். ஓட்டம் என்றதும் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடிய நூறு மீட்டர்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. சரியான வேகம் எது என்று தெரிந்துகொள்ள வாட்ச் வேண்டாம். கூட ஓடுபவரிடம் நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள் என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாக நடக்கும் ஒரு பெரியவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

இன்றிலிருந்து இப்படிச் செய்யுங்கள்: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை, கடைசியில் மறுபடி ஐந்து நிமிடம் நடை. அரை மணிகூட ஆகாது. வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். சுலபமாக இருக்கிறது என்று தோன்றினால் மட்டும், இரண்டு வாரம் கழித்து ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றுங்கள். நடுவில் நடப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்த முறையே இதுதான். இப்படி ஓடி நடந்து முழு மாரத்தானை முடித்தவர்கள் ஏராளம்.

இதற்கு உடற்கூறு சார்ந்த காரணமும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு பழகிவிட்டதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடிக்கிறது. அதனால் ஏற்ற இறக்கமுள்ள தார் ரோட்டை இரண்டு மாதத்துக்கு விட்டுவிட்டு, சமதளமான மண் தரையில் ஓடுங்கள். மாவட்ட விளையாட்டு அரங்க மைதானம் நல்ல இடம். விடியற்காலையில் தனியாக ரோட்டில் நாய்களுக்கும் லாரிகளுக்கும் பயந்து ஓடுவதைவிட, நாலு பேர் சுற்றிவரும் இடத்தில் ஓடுவது மனசுக்கும் தெம்பு.

அடுத்தது மத்தியான அசதி. ஓட்டத்தைப் பற்றி வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-ஐத் தாண்டியிருந்தும் அசதி போகவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு இரண்டையும் பாருங்கள். இரும்புச் சேமிப்பு காலியாகத் தொடங்கும்போது ஹீமோகுளோபின் சரியாகவே தெரியும், ஃபெரிட்டின்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கீரை, தானியங்களில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். டீயும் காபியும் அதையும் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீயைத் தள்ளி வையுங்கள். வைட்டமின் சி கூடவே இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தான் இன்றைய தர்மபுரி, அந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அபூர்வக் கனியைத் தேடி மலையேற வேண்டாம், சந்தையில் கிடைக்கும் பெருநெல்லி போதும்.

களி அருமையான சாப்பாடு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஓடுகிறவரின் எலும்புக்கு நல்லது. ஆனால் ஐந்து மணிக்குக் களி உருண்டையை விழுங்கிவிட்டு ஓடினால் வயிறு பிசையும். அது ராத்திரிக்கு இருக்கட்டும். ஓடுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சை. அரை மணி ஓட்டத்துக்கான சர்க்கரை தசையில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது, எனர்ஜி டிரிங்க் வீண் செலவு. சித்திரை வெயில் காலத்தில் அதிகம் வியர்த்தால் உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

நான் சந்தேகப்படுவது ஓட்டத்துக்குப் பிறகான சாப்பாட்டை. வீட்டில் எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு இட்லியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டுக் கடைக்கு ஓடுகிறீர்களா? என்னிடம் வரும் பெண்களில் பலர் இப்படித்தான். ஓடி வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் தட்டு உங்களுடையதாக இருக்கட்டும். அதில் முட்டையோ, முளைகட்டிய பயறோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும். எடை குறையட்டும் என்று இந்த வேளையைத் தவிர்த்தால் மத்தியானம் கண் சொருகத்தான் செய்யும்.

தூக்கமும் அப்படித்தான். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான் ஆகிறது, பலருக்கும் அது போதாது. பத்து மணிக்குப் படுக்க வழியில்லை என்றால் சாயந்தரம் ஓடுங்கள். காலையில் ஓடினால்தான் பலன் என்பது வெறும் பேச்சு.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், ஒரு பழக்கம் ஊன்றுவதற்கு நடு அளவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய வித்தியாசமில்லை என்றும் தெரிந்தது. அதனால் ஒரு மாதத்தில் சலிப்பு வருவது குறையே இல்லை. ஓட மனசில்லாத நாளில் ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், அதுவும் கணக்குதான். மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் ஓடுங்கள், முடியாவிட்டால் ஓய்வெடுங்கள். "இந்த வயசுல என்ன ஓட்டம்" என்று கேட்பவர்கள் இரண்டு வாரத்தில் அவர்களாகவே அலுத்துப்போவார்கள்.

ஓடும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தாலும், மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கால் எலும்பில் ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலும் அப்படியே. அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறலாக இருக்கலாம்.

ஷூவுக்கு விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாதம் லேசாக வீங்கியிருக்கும் சாயந்தர நேரத்தில் கடைக்குப் போய், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே இரண்டு முறை ஓடிப் பாருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு ஒதுக்குங்கள். அது சரியில்லாமல்தான் பல பெண்கள் ஓட்டத்தையே விடுகிறார்கள், கூச்சத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை.