ஊற்றுத் தண்ணீர் எந்தப் பருவ மழையில் வந்தது?

நீலகிரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஊற்றில் வருவது எந்த மழை என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும்.

நீரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்களில் ஏறத்தாழ 500-க்கு ஒன்று கனமான வகையான ஆக்ஸிஜன்-18. இது அதிகமுள்ள நீரைக் கனம் என்றும், குறைவானதை லேசு என்றும் இங்கே சொல்கிறேன். மேகம் மழையாகக் கொட்டும்போது கனமானது முதலில் இறங்கிவிடும். மிஞ்சும் ஈரம் லேசாகிக்கொண்டே போகும். அரபிக்கடலிலிருந்து நேராக வரும் ஆடி மழை ஒப்பீட்டில் கனமாக இருக்கும். வங்கக்கடலில் வழியெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் ஐப்பசி, கார்த்திகை மழை லேசு. கோடை மழைத்துளி விழும்போதே கொஞ்சம் ஆவியாவதால் அதுவும் கனம்தான்.

உயரமும் குறுக்கிடும். 100 மீட்டர் ஏறினால் ஆயிரத்துக்கு 0.15 முதல் 0.5 வரை ஆக்ஸிஜன்-18 குறையும். ஊற்றுநீர் அதன் வாயருகே பெய்யும் மழையைவிட லேசாக இருந்தால், மேலே எங்கோ பெய்தது கீழே வருகிறது என்று சந்தேகிக்கலாம். பருவக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான்!

மழையில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தும் ஊற்றில் பெரும்பாலும் அது மங்கிவிடும். பழைய நீரும் புது நீரும் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் கலப்பதே காரணம். ஊற்றின் ஆக்ஸிஜன்-18 அளவும் மழையோடு சேர்ந்து ஏறி இறங்கி ஆடினால் நீர் நிலத்தடியில் தங்கியது சில மாதங்கள்தான். நான்கைந்து ஆண்டு தங்கிய நீரில் ஆட்டமே தெரியாது. அதன் வயதை அறிய டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன்தான் வழி.

ஒரே ஒரு பாட்டில் எடுத்து அனுப்பிப் பயனில்லை. மாதந்தோறும், குறைந்தது ஓராண்டாவது, மழையும் ஊற்றும் சேர்த்து எடுங்கள். பாட்டிலைக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். பாதி பாட்டில் வெயிலில் ஆவியானால், நீங்கள் அளப்பது மழையை அல்ல, பாட்டிலை.