காரா, ரயிலா? இரண்டும்தான்!

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஜூன் கடைசியில் இருவருமாகப் பாரிஸ், அவின்யோன், நீஸ், ஃபுளோரன்ஸ், ரோம் போய்வர ஆசை. பாரிஸ் ஏர்போர்ட்டிலேயே வாடகைக் கார் எடுத்து ரோம் வரைக்கும் தானே ஓட்டுவேன் என்கிறார். களியக்காவிளை ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அந்த ரோடெல்லாம் எம்மாத்திரம் என்று கேட்கிறார். எனக்கு அதிவேக ரயிலில் போக வேண்டும். யார் பக்கம் நியாயம்?
– தக்கலை வாசகி

பதில்: தூரத்துக்கு உங்கள் பக்கம், கிராமத்துக்கு அவர் பக்கம். நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போய்வந்தோம். இன்னொரு முறை வாய்த்தாலும் அப்படியே போவோம்.

பாரிஸிலிருந்து அவின்யோன் கிட்டத்தட்ட நாகர்கோவில் – சென்னை தூரம். காரில் போனால் பகல் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். வழியெல்லாம் டோல் வேறு. டி.ஜி.வி. என்ற பிரான்ஸின் அதிவேக ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். 1981-ல் பாரிஸ் – லியோன் தடத்தில் ஓடத் தொடங்கிய ரயில் அது. இப்போது அந்த வழியில் மணிக்கு 300 கி.மீ. வரை போகிறது. உள்ளே உட்கார்ந்தால் அந்த வேகமே தெரியாது. எதிரே இன்னொரு ரயில் வரும்போது மட்டும் ஜன்னலில் பட்டென்று ஓர் அடி விழும். என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது போயிருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் அது நடந்திருக்காது. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் மேப்பைப் பார்ப்பார். ஓய்வு பெற்றதும் போகிற முதல் பயணம் அப்படிக் கழியக் கூடாது.

பாரிஸில் பெரிய ஸ்டேஷன்கள் பல உண்டு. தெற்கே போகும் ரயில்களுக்கு கார் து லியோன் ஸ்டேஷன். டிக்கெட்டில் இருக்கும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த பிளாட்பாரம் என்பதைப் பெரும்பாலும் இருபது நிமிஷம் முன்புதான் போர்டில் போடுவார்கள், புறப்பட இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவை மூடிவிடுவார்கள். இன்னொன்று, சில நேரம் இரண்டு ரயில்களை ஒன்றாகக் கோத்து ஓட்டி, வழியில் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அதனால் ஏதோ ஒரு பெட்டியில் ஏறி உள்ளே நடந்து போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். கோச் நம்பர் பார்த்தே ஏறுங்கள்.

டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். போர்ட்டர் கிடைக்க மாட்டார். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் நீங்களே படி ஏற்றக்கூடிய கனத்தில் இருக்கட்டும்.

அவின்யோனில் டி.ஜி.வி. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. வாடகைக் கார் கம்பெனிகள் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கின்றன. இறங்கினதும் காரை எடுங்கள், நகரத்துக்குள் நுழையாமல் கிராமங்களைச் சுற்றுங்கள், அதே இடத்தில் திருப்பிக் கொடுங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். வேறு நாட்டில் விட்டால் அது மிக அதிகம். அங்கிருந்து நீஸுக்கு மறுபடி ரயில்.

நீஸிலிருந்து இத்தாலிக்கு அதிவேகப் பாதை கிடையாது. கடலோரமாக மெதுவாகப் போய், எல்லையில் வென்டிமிலியாவில் மாறி, மிலான் போக வேண்டும். அதற்கு ஒரு பகலை ஒதுக்கிவிடுங்கள். மிலானிலிருந்து ஃப்ரெச்சரோசா, இத்தாலோ என்று இரண்டு கம்பெனி ரயில்கள் உண்டு. ஃபுளோரன்ஸ் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ரோம் ஒன்றரை மணி நேரம். விமான டிக்கெட்டைப் பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுவதுபோல் போடுங்கள். வந்த வழியே திரும்புகிற செலவும் அலைச்சலும் மிச்சம்.

இத்தாலி நகரங்களில் மட்டும் கார் வேண்டவே வேண்டாம். ஃபுளோரன்ஸ், ரோம் போன்ற ஊர்களின் பழைய பகுதியில் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. இசட்.டி.எல். என்று போர்டு இருக்கும், மேலே கேமரா இருக்கும். தடுத்து நிறுத்த போலீஸ் நிற்க மாட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. அவருடைய விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்குக் கார் கம்பெனி பிடித்த கட்டணம் தனி.

கேள்வி: சகோதரி, நம்முடைய லைசென்ஸ் அங்கே செல்லுமா? விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் உங்கள் பகுதி எதில் வருகிறதோ அங்கே படிவம் 4ஏ கொடுத்து வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், முன்பணத்தை அதில்தான் நிறுத்தி வைப்பார்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பதில் கியர் வண்டியே அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலது கையால் கியர் போட்டுக்கொண்டு வலப்பக்கம் ஓட்டுவது புதியவருக்குச் சிரமம் என்பதால் நான் ஆட்டோமேட்டிக்கையே சொல்வேன்.

பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. தக்கலைச் சகோதரியின் திட்டத்தில் பிரான்ஸில் நாள் அதிகம் வந்தால் பிரான்ஸ். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள்.

கேள்வி: ரயிலே அவ்வளவு வசதி என்றால் அந்தக் கார்தான் எதற்கு?
– குலசேகரம் வாசகி

பதில்: நீங்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், அதனால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவின்யோனிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் பான் து கார் என்ற இடம். ரோமானியர்கள் முதலாம் நூற்றாண்டில் கட்டிய தொட்டிப்பாலம் அது. உசெஸ் ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்கு ஏறக்குறைய 50 கி.மீ. தண்ணீர் கொண்டுபோன கால்வாய், கார்டோன் ஆற்றை அந்த இடத்தில் கடக்கிறது. நம் தொட்டிப்பாலம் 1966-ல் பரளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் கான்கிரீட் தூண்களில் எழுந்தது. அது 160 அடி, மூன்று அடுக்கு வளைவு, வெட்டிய சுண்ணாம்புக்கல். பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வாட்டம் 2.5 சென்டிமீட்டர்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு அதை எப்படி அளந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வளைவுகளின் பக்கவாட்டில் ஆங்காங்கே கல் துருத்திக்கொண்டு நிற்கும். சாரம் தாங்குவதற்காக அன்று விட்ட கற்கள் அவை. அடியில் ஆற்றங்கரைக்கு இறங்கி, அண்ணாந்து பாருங்கள்.

கோர்ட், ரூசியோன் போன்ற மலைக் கிராமங்களுக்கும் ரயில் கிடையாது, பஸ்ஸும் குறைவு. ஜூன் கடைசியில் லாவெண்டர் பூக்கும், பிடித்த இடத்தில் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். அதற்குத்தான் கார். அவின்யோன் ஊருக்குள் நடந்தே போய்ப் போப்பாண்டவர் அரண்மனையைப் பாருங்கள். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் இங்கேதான் இருந்தார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலுக்குப் போய்வருகிறவர்கள் அதை விடவே கூடாது.

கேள்வி: வலப்பக்கம் ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்?
– குளச்சல் வாசகர்

பதில்: நேர் ரோட்டில் பயமில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டும். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும், காலையில் ஆளில்லாத ரோட்டில் முதன்முதலாக வண்டியை எடுக்கும்போதும்தான் கை பழைய பக்கத்துக்கே போகும். ஓட்டுபவர் எப்போதும் ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றும் வண்டிக்கு வழிவிட்டு, வலப்பக்கமாகத் திரும்பி நுழையுங்கள். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, மழையில் 110. டோலில் ஆரஞ்சு நிறத்தில் ‘டி’ எழுத்து மட்டும் இருக்கிற வழி அட்டை ஒட்டிய வண்டிகளுக்கானது, பச்சை அம்புக்குறி இருக்கிற வழியில் போங்கள். வண்டியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சக்கரம் உட்பட நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆபத்து என்றால் பிரான்ஸ், இத்தாலி இரண்டிலும் 112.