வீட்டில் மகன், மருமகள் பெயரைச் சேர்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 68, கணவர் காலமாகிவிட்டார். ஆசிரியையாக இருந்தபோது, 1994இல் என் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டிய மடிப்பாக்கம் வீட்டில் மகன், மருமகளுடன் வசிக்கிறேன். மகள் கோவையில் இருக்கிறாள். "பட்டாவில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், பின்னால் அலைச்சல் இருக்காது" என்கிறான் மகன். மனு கொடுத்தால் போதுமா? செலவு எவ்வளவு ஆகும்? மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: பெயர் சேர்ப்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; சட்டத்தின் பார்வையில் அது வீட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதாகும். பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ஆகியவற்றில் யார் பெயர் இருந்தாலும், உங்கள் உரிமை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே மாறும். எனவே மனு போதாது. இரண்டு சாட்சிகளுடன் தான செட்டில்மென்ட் பத்திரம் (பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் ஆவணம்) எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மகளின் கையொப்பம் தேவையில்லை, ஏனெனில் இது உங்கள் சுயசம்பாத்தியம்.

செலவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடும்பத்தினருக்கான செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. மகன் இந்தச் சலுகைக்குள் வருவார்; ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தாலும் மருமகள் வரமாட்டார். அவருக்குக் கொடுக்கும் பங்குக்கு 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. வீட்டின் மதிப்பு 90 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மகனுக்குப் பாதி கொடுக்க 50,000 ரூபாய் போதும்; மருமகளுக்குக் கால் பங்கு கொடுக்க 2,02,500 ரூபாய் ஆகும். போதாக்குறைக்கு, அவர் பங்கிலிருந்து பிற்காலத்தில் வாடகை வந்தால் வருமான வரிக்கு அது உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படும்.

நிபந்தனையில்லாத செட்டில்மென்டை நீங்களாக ரத்து செய்ய முடியாது. "தங்கள் மீது எனக்குள்ள அன்பு பாசத்தினால்" என்று தொடங்கி, "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்றும் "எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்றும் முடியும் வழக்கமான மாதிரியை வாசித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். கொடுத்த பங்கை மகன் விற்கலாம், அடமானம் வைக்கலாம், அவர் கடனுக்காக அது ஜப்தியும் ஆகலாம். சொல்லக் கூசுகிறது என்றாலும் சொல்லியாக வேண்டும்: உங்களுக்கு முன் அவர் காலமானால், உயில் இல்லாத நிலையில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பங்கு அவர் மனைவி, பிள்ளைகள், நீங்கள் ஆகியோரிடையே பிரியும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, கவனிப்பு நின்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பிரிவை முதியவர்களின் நலன் நோக்கித் தாராளமாக அணுகியது. வயதான காலத்தில் எந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, "என் ஆயுட்காலம் முழுவதும் இவ்வீட்டில் வசிக்கவும் வாடகை வருமானத்தை அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு, உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை மகன் கவனிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் செல்லாது" என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். ஆயுள் அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு கொடுப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மகனின் கவலை பிற்கால அலைச்சல் மட்டும்தான் என்றால், நான் உயிலையே பரிந்துரைப்பேன். அதற்கு முத்திரைத்தீர்வை கிடையாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மகளுக்கு என்ன என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். எதை எழுதினாலும் மூலப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.