பொதுப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாமா? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தாராளமாக ஆடலாம். பந்துக்குப் பதிலாக ஃபிரிஸ்பி போன்ற தட்டை எறிந்து கூடைக்குள் போடும் கால்ஃப்தான் இது. அமெரிக்காவில் பெரும்பாலான பூங்காக்களில் கட்டணம் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்ததுதான் முதல் நிரந்தர மைதானம். சங்கிலி தொங்கும் கூடையும் அவர் கைவண்ணமே. (இறந்த பிறகு அவருடைய சாம்பலைத் தட்டுகளில் கலந்து வார்த்தார்கள், அவ்வளவு பித்து!)

ஆட்டம் எளிது. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி, கூடைக்குள் விழும்வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும், குறைவாக எறிந்தவர் ஜெயித்தார். கூடைக்கு யார் தட்டு தூரமோ அவர் முதலில் எறிவார், அதனால் அவருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

கடற்கரையில் பிடித்து விளையாடும் பெரிய ஃபிரிஸ்பி இதற்குச் சரிவராது. அதற்காக எடுத்த எடுப்பில் டிரைவர் எனப்படும், தூரமாக எறியும் தட்டை வாங்கிவிடவும் வேண்டாம். வேகம் பத்தாமல் வலக்கைக்காரர் புறங்கையால் எறிந்தால் அது சட்டென்று இடப்பக்கம் சரிந்து புதருக்குள் போய்விடும், அப்புறம் அரைமணி நேரம் தேடல்தான். கிட்டத்திலிருந்து கூடைக்குள் போட ஒரு பட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், இந்த இரண்டு தட்டுகள் போதும்.

முக்கியமாக, அது ஊருக்கே பொதுவான இடம். நடப்பவர்கள், குழந்தைகள், நாய் கூட்டி வருபவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். எறிந்தது யார் பக்கமாவது திரும்பினால் வெட்கப்படாமல் 'ஃபோர்!' (fore, கால்ஃபில் 'பார்த்து!' என்று எச்சரிக்கும் குரல்) என்று கத்துங்கள். தட்டின் பின்பக்கம் மார்க்கரால் ஃபோன் எண்ணை எழுதிவையுங்கள், கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் மெசேஜ் அனுப்புவார்கள்.